மைனர், ஏ-40, எம்ஜி: திருத்தி முடித்த பழைய பிரித்தானியக் காரை வன்னியிலிருந்து விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வவுனியா, மாங்குளம், மல்லாவி, கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு என்று எங்கு பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ-40 ஓ திருத்தி முடிந்தாலும், அடுத்து வருவது விற்பனைக் கேள்விதான். எம்ஜி, ஸ்பிரைட் போன்ற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டப்போட்டிக்கு ஆயத்தம் செய்தவருக்கும் அதே சந்தேகங்கள், கூடவே வேறு சிலவும். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைத் தந்து விடைகளைச் சேர்த்திருக்கிறோம்.

இவ்வளவு காசு போட்டுச் செய்தனான். போட்ட காசு திரும்ப வருமோ?

பெரும்பாலும் முழுதாக வராது. பில்களைக் கூட்டி விலை சொல்லாதீர்கள். முதல் பெயின்ற் சரிவராமல் இரண்டாம் தரம் அடித்த கூலியை வாங்குபவர் தரமாட்டார். எந்த மொடல், அடித்தகடு எப்படி, பதிவுப் புத்தகம் சுத்தமா, செய்த வேலைக்கு அத்தாட்சி உண்டா என்று பார்த்துத்தான் அவர் விலை கேட்பார். மினுக்கத்தைப் பார்த்து வருபவரும் கடைசியில் அத்தாட்சிக்குத்தான் காசு எண்ணுகிறார். கீழே வரும் விடைகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான்.

ஒப்பிடும்போது அதே மொடலோடு ஒப்பிடுங்கள். மைனரில் இரண்டு கதவு, நான்கு கதவு, மரச்சட்டம் வைத்த ட்ரவலர், துணிக்கூரை வண்டி எல்லாம் வெவ்வேறு விலை. 1956 க்கு முந்திய, முன்கண்ணாடி இரண்டு துண்டாக வந்த மைனர் அதற்கும் வேறு கணக்கு. விளம்பரத்தில் இருப்பது கேட்ட விலை. போன விலையை விற்றவரிடம்தான் விசாரித்து அறியவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மறுபடி திறந்தது. இடையில் ஏறிப்போன விலைகளை இன்றைக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

ஆள் பாக்க வரமுதல் என்னென்ன கடுதாசி எடுத்து வைக்கவேணும்?

பதிவுப் புத்தகம், நடப்பு வரிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று. இவற்றோடு ஒரு தடித்த கோப்பு: பிரிக்கும்போது எடுத்த படங்கள், லேத் பட்டறைப் பில், வாங்கிய சாமான்களின் பற்றுச்சீட்டு. லேத் பில்லில் 'போர் அடித்தது' (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியது) என்று மட்டும் இருந்தால் திரும்பப் போய் அளவை எழுதுவியுங்கள். பிஸ்ரன் 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதா 40 தவ் பெரிதா, கிராங் 10 தவ் குறைத்ததா 20 தவ் குறைத்ததா என்பது அடுத்த முறை எஞ்சின் கழற்றுபவருக்கு வேண்டும். பிஸ்ரன் 60 தவ்வுக்குப் போன, மைனர் போன்றவற்றில் வரும் ஏ-வகை எஞ்சினில் இன்னொரு முறை போர் அடிக்க இடமில்லை என்பதும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம்.

பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரில் உள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். மைனரில் சஸி இலக்கத் தகடு பொனற்றுக்குள், பின்சுவரில் இருக்கும். எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே, புளொக்கில் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அது 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம் என்றால் 1098 சிசி. தொடர்ந்து வரும் எச், எல் எழுத்துகள் கூடிய சுருக்கமா (கொம்பிரஷன்) குறைந்த சுருக்கமா என்பதைச் சொல்லும். பெயின்ற் அடிக்கும்போது இந்தத் தகடுகளின் மேலும் அடித்துவிடுவார்கள். தின்னர் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம்.

புத்தகத்தில இன்னும் செத்துப்போன அப்பாவின்ர பேர்தான். அப்பிடியே விக்கலாமோ?

விற்கக்கூடாது. முதலில் உரித்தாளர் பெயருக்கு மாற்றுங்கள், பிறகு விற்பனை. மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும், அதற்கு நாளெடுக்கும். சட்டத்தரணியை விளம்பரம் போடுவதற்கு முன்பே பாருங்கள். ஆள் காசோடு வந்து நிற்கும்போது தொடங்கினால் அவர் காத்திருக்கமாட்டார்.

இடம்பெயர்வில புத்தகம் துலைஞ்சுபோச்சு. கார் மட்டும்தான் மிச்சம்.

வன்னியில் இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. தொலைந்ததைப் பொலிஸில் பதிந்து, அந்த முறைப்பாட்டின் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய வரிப்பத்திரம், காப்புறுதித் துண்டு, ஏன், காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த கலியாணப் படத்தில் இலக்கத் தகடு தெரிந்தால் அதையும் கோப்பில் வையுங்கள். விண்ணப்பத்துக்கு உதவாவிட்டாலும் வாங்குபவருக்கு நம்பிக்கை தரும்.

சஸி இலக்கத் தகடே இல்லாமல் போயிருந்தால், புதிதாக ஒன்று வெட்டி அடிக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தகடு இல்லாத காரைத் திணைக்களத்தில் பேசித் தீர்க்க வழி உண்டு. பொய்த்தகடு அடித்த காரை ஒருவராலும் காப்பாற்ற முடியாது. அதுவரை செய்த உண்மையான வேலையும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாகும்.

ஓபின் பேப்பரில கையெழுத்து வைச்சுக் குடுத்தால் சுகம்தானே?

வாங்குபவரின் பெயர் நிரப்பாத மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுப்பது இன்றைக்குச் சுகம். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் காரால் ஆளை மோதினால் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் உள்ள பெயரை. கைமாறி 14 நாளுக்குள் விற்றவரும் வாங்கியவரும் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதே சட்டம். விற்றவருக்கு எம்ரிஏ 8 படிவம், வாங்கியவருக்கு எம்ரிஏ 6 படிவம். இரண்டையும் ஒரே மேசையில் நிரப்பி, நிரப்பிய படிவங்களையும் அவருடைய அடையாள அட்டையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைமாறிய நேரத்தையும் எழுதுங்கள், திகதி மட்டும் போதாது.

எஞ்சின் மாத்தின கார். புத்தகத்தில பழைய நம்பர் கிடக்கு.

விற்கமுன் புத்தகத்தைத் திருத்துங்கள். மாற்றியது மைனருக்குள் இன்னொரு மைனர் எஞ்சின் என்றாலும் இலக்கம் வேறுதான். ஜப்பான் எஞ்சின் வைத்த ஏ-40 என்றால் விலை இறங்கும். ஆனால் கழற்றிய பழைய எஞ்சின் உங்கள் கொட்டிலில் கிடந்தால், அது இறுகிப்போயிருந்தாலும், காரோடு சேர்த்துக் கொடுங்கள். பழையபடி ஆக்க நினைப்பவருக்கு அந்த இரும்பு பெறுமதியானது. பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போட்டுவிட்டு வருந்துபவர்கள் உண்டு.

மண்ணெண்ணெயில ஓடின கார் எண்டதைச் சொல்லவேணுமோ? ஆருக்குத் தெரியப்போகுது?

சொல்லவேண்டும். 1990 களில் எரிபொருள் தடையின்போது வடக்கில் ஓடிய பழைய பெற்றோல் கார் என்றால், தெரிந்தவர் முதலில் கேட்பது இதைத்தான். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய வண்டிகள் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரி சேர்த்தன. அது மறைக்கவேண்டிய வரலாறு அல்ல. வாங்குபவருக்கு வேண்டியது, அது எஞ்சினுக்குச் செய்ததை நீங்கள் சரிசெய்தீர்களா என்பது.

செய்தது இதுதான். முழுக்க எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்புக்குள் இறங்கும். சம்பு எண்ணெய் தண்ணியாகும். றிங், போர், பெயரிங் தேயும். ஒக்ரேன் குறைவு என்பதால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். வால்வில் கரி படியும். ஆகவே போர் அடித்த அளவு, பெயரிங் மாற்றிய பில், வால்வும் அதன் இருக்கையும் செய்த பில் மூன்றையும் காட்டுங்கள். இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் பழைய வால்வு இருக்கைகளைக் காத்தது. கடினப்படுத்திய எக்ஸோஸ்ற் இருக்கை அடித்திருந்தால் அதையும் தனியாக எழுதுங்கள்.

அளந்தும் காட்டலாம். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்க அமத்திப் பிடித்துச் சுருக்க அளவு எடுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நின்றால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்ப எடுங்கள்: ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு குறைந்தால் தலைக் காஸ்கெற்றைப் பாருங்கள். சூடான மைனரில் எண்ணெய் அழுத்தம் ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ அளவிலும், சும்மா நிற்கையில் 15 க்குக் குறையாமலும் இருக்கவேண்டும். எடுத்த திகதியோடு ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள்.

செல் (எறிகணை) துண்டு பட்ட ஓட்டையள் ஒட்டிக் கிடக்கு. அதைக் காட்டினால் விலை விழாதோ?

கதவிலோ கூரையிலோ என்றால் விழாது. ஒட்டியது எப்படி என்பதுதான் கேள்வி. பழுதான இடத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பிடித்திருந்தால் அந்தப் படத்தைக் காட்டுங்கள். மேலே தகடு வைத்து றிவிற் அடித்துப் புட்டி பூசியிருந்தால், விற்கமுன் அவிழ்த்துச் சரியாகச் செய்யுங்கள். இரண்டு தகட்டுக்கும் இடையில் ஈரம் நின்று துருப்பிடிக்கும். பெற்றோல் தாங்கி, பிறேக் குழாய், முன் தாங்கிக் கால்கள் (காரின் முன்பக்கத்தைத் தாங்கும் சட்டங்கள்) ஆகியவற்றுக்குக் கிட்ட பட்டிருந்தால் விலையைவிடப் பாதுகாப்பு முக்கியம். எழுத்தில் சொல்லியே ஆகவேண்டும்.

புட்டி பூசின இடத்தை உண்மையா கண்டுபிடிப்பினமோ?

காந்தத்தோடு வருபவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். ஆகவே நீங்கள் முதலில் காந்தம் பிடியுங்கள். மைனரில் கதவுக்குக் கீழ் விளிம்பு, பின் இலைவில் தொங்கும் இடம், முன் தாங்கிக் கால்கள், ஜக் வைக்கும் இடம். எல்லாவற்றிலும் பாரதூரமானது தளத்துக்குக் கீழே குறுக்காகப் போகும் சட்டம், ஏனென்றால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முன் முறுக்குத்தண்டுகளின் பின்முனை அங்கேதான் பிடித்திருக்கிறது. ஏ-40 சொமர்செற்றுக்குத் தனிச் சஸி உண்டு. ஏ-40 கேம்பிரிஜ்ஜுக்கு இல்லை, அதில் உடம்பே சஸி. எம்ஜி பி யிலும் அப்படியே. அதன் கதவடி விளிம்புதான் காரைத் தாங்குகிறது. கூரையில்லாத எம்ஜி பி க்கு முட்டுக்கொடுக்காமல் அந்த விளிம்பை வெட்டி மாற்றினால் நடு இறங்கி, கதவின் மேல் இடைவெளி ஒடுங்கும். தெரிந்தவர் காரைச் சுற்றமுன் அந்த இடைவெளியைத்தான் பார்ப்பார்.

ஒரு யோசனை: செப்ரெம்பரில் பெயின்ற் முடிந்த காரை அவசரப்பட்டு ஒக்ரோபரில் விற்காதீர்கள். மாரி மழையில்தான் கொப்புளம் கிளம்பும். தை கழிந்தும் பெயின்ற் அப்படியே நின்றால், ஒரு மாரி கண்ட கார் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஓடேக்க சூடேறுது. றேடியேற்றர் புதுசுதான்.

றேடியேற்றர் அல்ல, புளொக்கைப் பாருங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. அது புளொக்கின் பின்பக்கம், நான்காம் சிலிண்டரைச் சுற்றிப் படியும். புளொக்கின் வடிகுழாயைத் திறந்து பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் கம்பியால் கிளறி, அடைப்புத் தகடுகளைக் கழற்றிக் கழுவவேண்டும். பிறகு வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் மட்டும். சூடேறும் காரை விலைக்குக் காட்டுவது வீண்வேலை.

பற்றறி பொசிற்றிவ் ஏர்த். மாத்தவோ விடவோ?

இரண்டும் சரி, ஆனால் எழுதி ஒட்டுங்கள். 1967 வரையான பிஎம்சி (மொறிஸ், ஒஸ்ரின், எம்ஜி செய்த கம்பனி) கார்களில் நேர்முனைதான் உடம்போடு சேர்ந்தது. அது தெரியாத ஒருவர் பற்றறியை மற்றப்பக்கம் இணைத்தால், ஒல்ற்றனேற்றர் போட்ட காரில் டயோட் உடனே போகும். எதிர்முனைக்கு மாற்றியிருந்தால் டைனமோவின் முனையைத் திருப்பியதையும் கொயில் வயர்களை இடம் மாற்றியதையும் பற்றறிப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

படம் எப்பிடி எடுக்கிறது?

காலை வெயிலில், நனையாத காரை. கழுவித் தண்ணீர் சொட்டும் காரின் படத்தில் பெயின்ற் குறை தெரியாது என்பது வாங்குபவருக்கும் தெரியும். கீழ்ப்பக்கம் குறைந்தது பத்துப் படம். குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கும் காணொளி ஒன்று, தொடங்கமுன் எக்ஸோஸ்ற் குழாயில் வெறுங்கை வைத்துக் காட்டி. குறைகளுக்குத் தனிப்படம்.

ரேஸுக்கு எண்டு செய்த கார் கூடப் போகுமோ, குறையப் போகுமோ?

வாங்குபவர் ஆர் என்பதைப் பொறுத்தது. கலியாணத்துக்கு வாடகைக்கு விட நினைப்பவருக்கு அது குறைந்த கார். நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் போன்றவற்றுக்கு ஆயத்தமான வண்டி தேடுபவருக்கு, தானே கட்டினால் ஆகும் இரண்டு வருடம் மிச்சம். ஆகவே விளம்பரத்தை அவருக்காக எழுதுங்கள். இரண்டு பேரையும் திருப்திப்படுத்த எழுதினால் இருவரும் வரமாட்டார்கள்.

விலையைத் தாங்குவது, திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்பது. கழற்றிய இருக்கை, பம்பர், எஸ்யூ கார்பரேற்றர், மனிபோல்ற், மூலச் சில்லுகள் எல்லாவற்றையும் பெயரெழுதிக் கட்டி வையுங்கள். கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் உருளைக்கூட்டை போல்ற்றில் பூட்டியிருந்தால் கழற்றலாம். வெல்டிங்கில் ஒட்டியிருந்தால் கார் அந்த வேலைக்கு மட்டும்தான். மைனருக்குள் 1275 சிசி எஞ்சின் வைத்திருந்தால் வேகம் கூடும், ஆனால் காலத்துக்கு உரியது அல்ல என்பதால் சில போட்டிகளில் வகுப்பு மாறும். அதை நீங்களே சொல்லுங்கள். புத்தக விடயம் எஞ்சின் மாற்றிய காருக்கு மேலே சொன்னதுதான்.

ரேஸ் காருக்கு வேற என்ன அத்தாட்சி கேப்பினம்?

கிலோமீற்றரை ஒருவரும் கேட்கமாட்டார்கள். எஞ்சின் கட்டிய பிறகு எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை ஆயிரம் சுற்றுக்கு மேல் ஏற்றவில்லை, கிராங்கும் முன் அச்சு முனைகளும் வெடிப்புப் பார்த்தவையா என்று கேட்பார்கள். ஓட்டம் ஓட்டமாக எழுதிய ஒரு கொப்பி போதும்: திகதி, ரயர், எண்ணெய், உடைந்தது, மாற்றியது.

இருக்கைப் பட்டியின் சீட்டைப் பாருங்கள். எந்த ஆண்டுவரை செல்லும் என்று அதில் அச்சிட்டிருக்கும். முடிந்திருந்தால் பட்டி புதிதுபோல இருந்தாலும் பரிசோதகர் ஏற்கமாட்டார். தீயணைப்புக் குடுவைக்கும் கடைசியாகப் பார்த்த திகதி வேண்டும். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ வின் வரலாற்று வாகனத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு இருந்தால் விலை ஏறும், ஆனால் அது சொல்வது காரின் அமைப்பு அதன் காலத்து விதிக்கு ஒத்தது என்பதை மட்டுமே. இந்தக் கார்தான் அந்தக் கார் என்பதற்கு அது சான்றல்ல. அதற்குப் புத்தகமும் இலக்கங்களும்தான்.

வாங்க வந்தவர் கியர்பொக்ஸ் கத்துது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். அது ரேஸ் பொக்ஸ்.

நேர்வெட்டுப் பல் போட்ட பொக்ஸ் கத்தத்தான் செய்யும். பாரம் குறைத்த பிளைவீல் உள்ள எஞ்சின் சும்மா நிற்கையில் நடுங்கும். ஓட்டப்போட்டிக்கான காம் தண்டு 3,000 சுற்றுக்குக் கீழே இழுக்காது. கூடிய சுருக்கம் 92 ஒக்ரேனில் தட்டும், 95 தான் விடவேண்டும். இவை நான்கையும் அவர் ஏறமுன் சொல்லுங்கள். ஓடிவிட்டு வந்தபிறகு சொன்னால் சாட்டுச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்.

ஓட்டிப் பாக்கக் குடுக்கிறதோ?

முதலில் நீங்கள் ஓட்ட அவர் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய் சூடானபிறகு மாறுங்கள். உரிமப்பத்திரத்தைப் பார்த்து, காப்புறுதி அவருக்கும் செல்லுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். கிறவல் ஒழுங்கையில் கல்லெறிந்து பெயின்ற் போகும், தார் வீதிக்குக் கொண்டுபோங்கள்.

மைனர் என்றால் முதல்நாள் முன்சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 1,000 மைலுக்கு ஒருக்கா கிறீஸ் போகாத திருகுமுனை (முன்சில்லைப் பிடிக்கும் கால் திருகிப் பூட்டியிருக்கும் இடம்) தேய்ந்தால் அந்தக் கால் கழன்று சில்லு மடிந்துவிடும். தளத்துக்குக் கீழே, தாங்கிக் காலுக்குள் இருக்கும் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரின் மூடியைத் திறந்து, எண்ணெயில் தண்ணீர் இறங்கவில்லை என்றும் உறுதிசெய்யுங்கள். ஒரே சுற்றுப் பிறேக். போனால் நான்கும் போகும்.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கிறது? மிச்சக் காசு எப்பிடி?

தொகையைவிடத் தாள் முக்கியம். இருவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், சஸி இலக்கம், தொகை, எந்தத் திகதிவரை கார் அவருக்காக நிற்கும், வராவிட்டால் காசு திரும்புமா இல்லையா. மீதியை உங்கள் வங்கிக் கிளையில் இருவரும் நின்று மாற்றுங்கள். தொலைபேசியில் காட்டும் பற்றுச்சீட்டுப் படத்தை நம்பித் திறப்பைக் கொடுக்காதீர்கள். கணக்கில் ஏறியதை வங்கி சொல்லட்டும். காசோலை என்றால் மாறும்வரை கார் உங்கள் கொட்டிலில்.

கொழும்புக்காரர் வாங்கிப்போட்டார். ஓடிக்கொண்டு போறதோ, லொறியில ஏத்திறதோ?

வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றருக்கு மேல். 1,000 கிலோமீற்றர் ஓடிச் சோதித்த மைனர் என்றால் மணிக்கு 70 இல் விடியப்புறம் ஓடிக்கொண்டு போகலாம்: மேலதிக பான் பெல்ற், பொயின்ற், கொண்டென்சர், பிளக், தண்ணீர் பத்து லீற்றர் கையோடு. புதிதாக முடித்த காரையும் ஓட்டக் காரையும் ஏற்றித்தான் அனுப்பவேண்டும். பட்டியை அச்சில் கட்டுங்கள், பம்பரில் அல்ல. சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்குற்றி அடியுங்கள். ஏற்றும் பலகை சரிவு கூடினால் தாழ்த்திய காரின் சைலன்சர் தட்டும். நீளமான பலகை தேடுங்கள். ஏற்றமுன் நான்கு பக்கமும் படமெடுத்து, வழியில் ஏற்படும் சேதம் ஆருடையது என்பதை லொறிக்காரரின் கையெழுத்தோடு எழுதுங்கள்.

வித்த பிறகு, உது பழுது எண்டு திரும்பி வந்தால்?

கைமாறும் நாளில் குறைப்பட்டியல் ஒன்றை இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மேலே சொன்ன மண்ணெண்ணெய் வரலாறு, ஒட்டிய இடங்கள், சுருக்க அளவு, பற்றறி முனை, ஓட்டக் காரின் சத்தங்கள் எல்லாம் அதில் வரட்டும். எழுதிக் காட்டிய குறைக்கு நீங்கள் பொறுப்பில்லை. தெரிந்து மறைத்த குறைக்கு, அவர் சண்டைக்கு வராவிட்டாலும், நீங்கள்தான் பொறுப்பு. போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொடுங்கள். எது தேய்ந்தால் எந்தக் கடையில் கிடைக்கும், கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எது கிடைக்காது, எதை இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று நீங்கள் தேடி அறிந்ததையும் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். பழுது என்று வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி அதற்காகத்தான் வரும்.